மூடியில் இருக்கும் பெயரும் அடியில் இருக்கும் எண்ணும்

கேள்வி: வணக்கம் சார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு அனிமேஷன் படிக்கிறேன். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறேன். பகலில் பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருள், இரவில் கேம். இதுவரை நான் கேள்விப்படாத ஒரு பிராண்டில் கோர் ஐ7 புராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப், 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் திரை என்று தருகிறார்கள். அதே விலைக்கு எல்லோருக்கும் தெரிந்த பிராண்டில் கோர் ஐ5, ஆர்டிஎக்ஸ் 4050தான் கிடைக்கிறது. முதல் பிராண்டுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. ஓராண்டு வாரண்டி, பழுதானால் கூரியரில் அனுப்ப வேண்டும். அக்கா வேண்டவே வேண்டாம் என்கிறாள், நண்பர்கள் தயங்காமல் எடு என்கிறார்கள். எனக்கு இது ஒன்றுதான் கணினி, நாலு வருஷமாவது ஓட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது கடைசி வரியைத்தான். இது ஒன்றுதான் கணினி, நாலு வருஷம் ஓட வேண்டும். இந்த வரி இல்லையென்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். வீட்டில் இன்னொரு கணினி இருக்கிறவர் பதினைந்து நாள் லேப்டாப் இல்லாமல் சமாளித்துவிடுவார். உங்களுக்கு அந்தப் பதினைந்து நாளில் ஒரு செமஸ்டர் புராஜெக்ட் போய்விடும். அதனால் எந்த கேமில் எத்தனை ஃபிரேம் வரும் என்பதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாம் வருஷம் ஃபேன் நின்றுபோனால் அதே ஃபேன் கிடைக்குமா என்பதிலிருந்து தொடங்குவோம்.

பதினேழு வருஷமாக லேப்டாப் திறந்து பழுது பார்க்கிறேன். அடிப்பக்க மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பவை இரண்டு வகை. ஒரு வகை, எந்த பிராண்டாக இருந்தாலும் ஒரே மாதிரி இருப்பவை. புராசஸர் இன்டெல் அல்லது ஏஎம்டி. கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் என்விடியா. திரைக்குள் இருக்கும் பேனல் பெரும்பாலும் ஏயுஓ, பிஓஇ, இன்னோலக்ஸ் போன்ற சில தொழிற்சாலைகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கும். அதன் பின்னால் இருக்கும் கனெக்டர் 30 பின் அல்லது 40 பின், அளவும் பொருத்தும் முறையும் ஒத்துப்போனால் வேறு பேனலும் உட்காரும். ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பல மாடல்களில் வைஃபை கார்டு, இவையெல்லாம் பொதுவான அளவுதான். இந்த வகையில் புராசஸர், கிராஃபிக்ஸ் சிப் தவிர எது கெட்டாலும் பிராண்டின் பெயர் தெரியவே வேண்டாம். எண்ணைப் பார்த்து வாங்கி மாட்டிவிடலாம்.

இன்னொரு வகை, அந்த பாடிக்கு மட்டுமே பொருந்துபவை. மதர்போர்டு, பேட்டரி, இரண்டு ஃபேன்கள், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க், திரையை மூடித் திறக்கும் ஹிஞ்ச், கீபோர்டு, சில மாடல்களில் சார்ஜர் பின்கூட. உங்கள் வரிசை லேப்டாப்பில் புராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று போனால் போர்டே போன மாதிரிதான். சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவர் கிடைத்தால் காப்பாற்றலாம், அதற்கும் அந்த போர்டின் வரைபடம் வேண்டும். ஒரு பிராண்டை நம்பலாமா என்ற கேள்வி முழுக்க இந்த இரண்டாம் வகைப் பொருட்களைப் பற்றியது.

அப்படியானால் இவற்றை யார் செய்கிறார்கள்? உங்கள் அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பெரிய பிராண்டுகளும் பெரும்பாலான லேப்டாப்புகளைத் தாங்களே செய்வதில்லை. குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக் என்று தைவான் நிறுவனங்கள் இருக்கின்றன. டெல், ஹெச்பி, ஏசர் என்று நாம் கடையில் பார்க்கும் பல லேப்டாப்புகள் அங்கே உருவானவைதான். சின்ன பிராண்டுகளின் விஷயம் இதிலிருந்து ஒரு படி மாறும். பெரிய பிராண்டு தனக்கென்று ஒரு டிசைனைச் செய்துதரச் சொல்லும். சின்ன பிராண்டு ஏற்கெனவே தயாராக இருக்கும் பாடியை வாங்கிக்கொள்ளும். பேர்போன் என்று சொல்வார்கள். போர்டு, ஹீட்சிங்க், ஃபேன், பேட்டரி, கீபோர்டு எல்லாம் அதோடு வரும். இவர்கள் ரேம், எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏற்றி, மூடியில் தங்கள் பெயரைப் பொறித்து விற்பார்கள்.

அந்த பாடிகளைச் செய்வதில் எனக்கு அதிகம் கண்ணில் படும் பெயர்கள் இரண்டு. ஒன்று தைவானின் கிளீவோ, 1983-இல் தொடங்கியது. இன்னொன்று சீனாவின் டோங்ஃபாங். ஜெர்மனியின் எக்ஸ்எம்ஜி, அமெரிக்காவின் சேகர், லினக்ஸ் லேப்டாப் விற்கும் சிஸ்டம்76 ஆகியவை தங்கள் பல மாடல்களுக்கு கிளீவோ பாடியை எடுத்திருக்கின்றன. அமெரிக்காவின் எலுக்ட்ரானிக்ஸ் (Eluktronics), சீனாவின் மெக்ரெவோ ஆகியவற்றின் பல மாடல்கள் டோங்ஃபாங் பாடி. ஒரே பாடி நாலைந்து நாடுகளில் நாலைந்து பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கேள்விப்படாத பிராண்டு என்கிறீர்கள். ஆனால் அதன் உடம்பு எனக்குப் பழக்கமானதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு என் மேசைக்கு வந்த இரண்டு லேப்டாப்புகளைச் சொல்கிறேன். ஒரு பெண் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். டச்பேட் அழுந்தவில்லை, ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. விற்ற பிராண்டின் எண்ணுக்குப் பலமுறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. திறந்து பேட்டரியைக் கழற்றினேன். அதன் மேல் பிராண்டின் பெயர் எங்கும் இல்லை, பாடி செய்த தொழிற்சாலையின் எண்தான் அச்சாகியிருந்தது. அந்த எண்ணை வைத்துத் தேடியதும் அதே பேட்டரி வேறொரு பிராண்டின் உதிரி பாகமாக விற்பனைக்கு இருந்தது. இரண்டு வாரத்தில் வந்தது, மாட்டினேன், லேப்டாப் இன்றும் ஓடுகிறது.

கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வந்தார். அவருடையதும் கேள்விப்படாத பிராண்டுதான். ஒரு ஃபேனின் பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம், ஒரு கேம் திறந்தால் பத்து நிமிஷத்தில் சூட்டில் அணைந்துவிடும். உள்ளே பேட்டரி, ஃபேன், போர்டு எல்லாவற்றிலும் அந்த பிராண்டின் முத்திரை மட்டும்தான். வேறு எண்ணே கிடையாது. மூன்று மாதம் தேடினேன். பொருந்தும் ஃபேன் கிடைக்கவில்லை. உள்ளே இருந்த சிப்புகள் நல்ல சிப்புகள், திரையில் ஒரு புள்ளி குறை இல்லை. உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்று இல்லாமல் அவ்வளவும் அலமாரியில் கிடக்கிறது. அவரிடம் அதைச் சொன்ன நாள் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, வாங்குவதற்கு முன்பே இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டுவிடுங்கள். விற்பவருக்கு எழுதி, இந்த மாடலின் பாடி யாருடையது, பாடியின் மாடல் எண் என்ன என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. சொல்லத் தயங்கினால், அடிப்பக்க லேபிளின் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். விற்கும் பெயர் தவிர வேறொரு மாடல் எண் அதில் இருந்தால் பெரும்பாலும் அதுதான் நமக்கு வேண்டிய எண். டோங்ஃபாங் பாடிகளில் ஜிகே5, ஜிஎம்5 என்று தொடங்கும் எண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணையும் பேட்டரி என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், அப்புறம் ஃபேன், அப்புறம் கீபோர்டு. மூன்றும் பல இடங்களில் விற்பனைக்கு இருந்தால் உங்கள் பயத்தில் பாதி தீர்ந்தது.

எண் கிடைக்காவிட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. இந்த லேப்டாப்புக்கு மாற்று பேட்டரியும் சார்ஜரும் இன்றைக்கே தனியாக வாங்க முடியுமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். "வாரண்டியில் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அது பதில் ஆகாது. வாரண்டி ஓராண்டு, நீங்கள் வைத்திருக்கப்போவது நாலு. கேமிங் லேப்டாப் பேட்டரி பெரும்பாலும் முழு சார்ஜிலும் சூட்டிலுமே கிடக்கும், அதனால் சீக்கிரம் வயதாகும். நாலு வருஷத்துக்குள் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

இனி 4060-க்கு வருவோம். நண்பர்கள் எடு என்று சொல்வதே இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் லேப்டாப்பில் 4060 என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்பவர்தான் முடிவு செய்கிறார். லேப்டாப் 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. அதற்கு மேல் கொஞ்சம் பூஸ்ட் தனி. முன்பெல்லாம் குறைந்த வாட் சிப்புக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரிலேயே அடையாளம் இருந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புகள் வந்தபோது அந்த அடையாளம் பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது 45 வாட்டில் ஓடுவதும் 115 வாட்டில் ஓடுவதும் ஸ்டிக்கரில் ஒரே 4060தான். வாட் குறைவான 4060-ஐ முழு வாட் கிடைக்கும் 4050 தொட்டுவிடக்கூடும்.

அதனால் இரண்டு லேப்டாப்புக்கும் டிஜிபி எத்தனை வாட் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கிடைக்கும் மொத்த மின்சக்தியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் 4060-க்கு 90, 100 வாட் கிடைத்தாலே போதும். அதற்கு மேல் 140 வரை கொடுத்தாலும் வேகம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை, சூடும் சத்தமும்தான் ஏறும். 140 வாட் என்று பெரிதாக விளம்பரம் போட்டிருப்பதற்காக ஒரு லேப்டாப்பை எடுக்க வேண்டாம். 60-க்குக் கீழே என்றால் 4060-க்காக அதை எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு 4060-இல் வாட்டைத் தாண்டி ஒரு நியாயமான லாபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். லேப்டாப் 4050-இல் கிராஃபிக்ஸ் நினைவகம் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. கேமில் நினைவகம் பற்றாவிட்டால் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பிளெண்டரில் ஒரு பெரிய காட்சியை கிராஃபிக்ஸ் சிப்பில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முழுப் படமாக உருவாக்கும்போது, நினைவகம் போதாவிட்டால் வேகம் படுத்துவிடும், இல்லையென்றால் ரெண்டர் பாதியிலேயே நின்றுவிடும். மூன்றாம், நாலாம் ஆண்டில் உங்கள் காட்சிகள் பெரிதாகிக்கொண்டே போகும். இந்த 2 ஜிபிக்கு நான் நிஜமாகவே மதிப்புக் கொடுக்கிறேன். நீங்கள் கேம் மட்டும் ஆடுகிறவராக இருந்தால் 4050-ஐ எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று இரண்டே வரியில் முடித்திருப்பேன்.

ஐ7 என்ற பெயரில் மயங்க வேண்டாம். ஐ7-13620ஹெச் என்ற புராசஸரில் 10 கோர்கள். ஐ5-13500ஹெச்எக்ஸ் என்பதில் 14. முழு எண்ணையும் கடைசி எழுத்துகளையும் வாங்கிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சார்ஜரை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு 115 வாட், புராசஸருக்கு 45 வாட், திரை, ஃபேன், மற்றவை எல்லாம் சேர்த்து இருபது முப்பது வாட் என்று வைத்தால் 180-இலிருந்து 190 வாட் வரை ஆகிறது. அந்த லேப்டாப்போடு 180 வாட் சார்ஜர் வந்தால், கேம் ஆடும்போது சார்ஜரில் போட்டிருந்தும் பேட்டரி சதவீதம் மெல்ல இறங்கும். மின்சாரம் போதாமல் மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். தினமும் இப்படி நடந்தால் பேட்டரி சீக்கிரமே தேய்ந்துவிடும். 230 வாட் சார்ஜர் தருகிறார்கள் என்றால் செலவு குறைக்கிற இடத்தில் குறைக்காத ஆள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ரேம் 16 ஜிபி என்றால் ஒரே ஸ்டிக்கா, 8 வீதம் இரண்டா என்று கேளுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் நினைவகத்தின் பாதை பாதியாகிவிடும், கேமில் அது தெரியும். ஆனால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் இது பெரிய குறை இல்லை, பிறகு ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வேலைக்கு 32 ஜிபி எப்படியும் ஒருநாள் தேவைப்படும். திரை 144 ஹெர்ட்ஸ் என்பதைவிட நிறம்தான் உங்களுக்கு முக்கியம். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் வெளிறிய திரை. அதில் நீங்கள் பார்த்துச் சரிசெய்த சிவப்பு இன்னொருவர் திரையில் வேறு சிவப்பாகத் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். அனிமேஷன் படிக்கிறவருக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சின்ன பிராண்டில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று பயாஸ். லேப்டாப்பைத் திறந்தவுடன், விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் மென்பொருள் அது. அதிலும் பாதுகாப்புக் குறைகள் வரும். 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற பெயரில் சில குறைகள் வெளியாயின. லேப்டாப் இயங்கும்போது தெரியும் லோகோ படத்தைப் படிக்கும் நிரலிலேயே ஓட்டை, அதன் வழியாகக் கெட்ட நிரலை உள்ளே ஏற்ற முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயாஸ் எழுதும் பெரிய நிறுவனங்களான இன்சைட், ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் மூன்றுமே அதில் சிக்கின. இப்படி ஒன்று வரும்போது திருத்தம் முதலில் பயாஸ் நிறுவனத்திடமிருந்து பாடி செய்தவருக்குப் போகும், அவரிடமிருந்து பிராண்டுக்கு, பிராண்டிடமிருந்து உங்களுக்கு. நடுவில் ஒருவர் சோம்பலாக இருந்தாலும் உங்களிடம் வந்து சேராது. இதேபோல கணினி திறக்கும்போது ஏறுவது நம்பகமான மென்பொருள்தானா என்று சரிபார்க்க உதவும், 2011-ஆம் ஆண்டைச் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலாவதி 2026 ஜூனில் தொடங்குகிறது. புதிய சான்றிதழ் விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்தாலும், சில கணினிகளில் அதை ஏற்க பயாஸ் அப்டேட்டும் வேண்டும்.

எனவே அந்த பிராண்டின் இணையதளத்தில் டவுன்லோட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்த மாடலுக்கு பயாஸ் கோப்பு இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறார்களா, இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடல்களுக்குச் சமீபத்தில் ஏதாவது அப்டேட் கொடுத்திருக்கிறார்களா? கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பழைய வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்களோ அப்படித்தான் நாளை உங்களையும் நடத்துவார்கள். அந்தப் பக்கமே இல்லாத பிராண்டு என்றால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

விமர்சனங்களையும் இதே கண்ணோடு படியுங்கள். புது லேப்டாப் வந்த வாரத்தில் எழுதுகிறவர்களிடம் ஃபேன் புதிது, ஹிஞ்ச் புதிது, எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் வைத்திருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். ஹிஞ்ச் உடைந்தது என்று மூன்று பேர் சொன்னால் நம்புங்கள். ஹிஞ்ச் உடையும்போது பெரும்பாலும் இரும்பு உடைவதில்லை. பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளை நட்டுகள் பெயர்ந்துவருகின்றன, கூடவே பாடியும் பிளந்துவிடுகிறது. நேரில் பார்க்க முடிந்தால் திரையை மெதுவாகத் திறக்கும்போது ஹிஞ்ச் பக்கத்து பிளாஸ்டிக் இணைப்பைக் கவனியுங்கள். அது லேசாக வாய் பிளந்தால் வேண்டாம்.

கூரியர் வாரண்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்வீஸ் சென்டர் வாசலில் இருந்தும் போர்டு வரவில்லை என்று ஒரு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அனுப்பும் செலவு யாருடையது, சரிசெய்து திருப்ப எத்தனை நாள், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் அதே ஓராண்டா, குறைவா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ரேம் சேர்க்கவும் தூசி தட்டவும் அடிமூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்றும் கேளுங்கள். உங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி அவசியம், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபேனில் தூசி தட்டாத கேமிங் லேப்டாப் நாலு வருஷம் ஓடுவது கஷ்டம். பழுதுக்கு அனுப்ப நேர்ந்தால், அனுமதித்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். உங்கள் புராஜெக்ட் உங்களிடமே இருக்கும்.

இப்போது என் முடிவு. பாடி யாருடையது என்று தெரிந்து, பேட்டரியும் ஃபேனும் தனியாகக் கிடைக்கிறது, டிஜிபி 90 வாட்டுக்குக் குறையவில்லை, பயாஸ் பக்கம் உயிரோடு இருக்கிறது என்றால் அந்த 4060-ஐ வாங்குங்கள், பயப்பட வேண்டாம். பழுதானால் அதைச் சரிசெய்ய என்னைப் போன்ற ஒருவர் எங்கேயும் கிடைப்பார். இதில் பேட்டரி, ஃபேன் விஷயம் மட்டும் தெளிவாகவில்லை என்றாலும், மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும், 4050-க்குப் போய்விடுங்கள். ஒரே கணினியை வைத்துக்கொண்டு அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது. அக்கா சொல்வது அந்த நிலையில் நூற்றுக்கு நூறு சரி. அதற்கு முன், தெரிந்த பிராண்டில் முந்தைய ஆண்டு மாடல் 4060 ஏதாவது உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது மாடல் வந்ததும் பழையது இறங்கும், பல பேர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அதிலும் டிஜிபியைக் கேட்க மறக்காதீர்கள். பெயர் தெரிந்தது என்பதற்காக அந்தக் கேள்விக்கு விலக்கு கிடையாது.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் லேப்டாப்பைச் சும்மா வைத்திருக்காதீர்கள். சிப் பழுதுகளில் பாதி முதல் சில நாட்களிலேயே முகம் காட்டிவிடும் என்பது என் மேசையில் நான் கண்டது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் தகவல் பகுதியில் கிராஃபிக்ஸ் சிப்பின் அதிகபட்ச வாட் இருக்கும், சொன்னதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்துவைத்து, ஒரு கனமான கேமையோ பிளெண்டர் ரெண்டரையோ அரை மணி நேரம் ஓட்டுங்கள். கிராஃபிக்ஸ் சிப் 87 டிகிரி பக்கத்தில் போய் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா, வாட் கடைசிவரை நிற்கிறதா, பேட்டரி சதவீதம் இறங்குகிறதா என்று கவனியுங்கள். புராசஸர் கொஞ்ச நேரம் 95-ஐத் தொட்டால் பதற வேண்டாம், இன்டெல் தன் வரம்பை 100 டிகிரியில் வைத்திருக்கிறது. அரை மணி நேரமும் அங்கேயே நின்றால்தான் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள், எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதியதென்று விற்றதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். விண்டோஸ் பேட்டரி அறிக்கையில் டிசைன் அளவையும் இப்போதைய முழு சார்ஜ் அளவையும் ஒப்பிடுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்று வந்தால் அந்த விண்டோஸ் உங்களுக்கென்று வாங்கப்பட்டதல்ல, அதை உடனே எழுதிக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் டிரைவர்களையும் ஃபேன் கண்ட்ரோல் மென்பொருளையும் பயாஸ் கோப்பையும் ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டு, விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தரும் கோப்பிலிருந்து புதிதாக ஏற்றிவிடுங்கள். 2024-இல் அதிகம் அறியப்படாத ஒரு பிராண்டின் மினி பிசிகள் தீம்பொருளோடேயே வாடிக்கையாளர் கைக்குப் போன சம்பவம் நடந்தது, அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. ஒரு மணி நேர வேலைதான், செய்துவிடுங்கள். அந்த ஃபேன் கண்ட்ரோல் மென்பொருளின் நகலைத் தொலைக்காதீர்கள். என்விடியா, இன்டெல் டிரைவர்களை அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம். ஃபேன் வேகத்தையும் கீபோர்டு விளக்கையும் ஆளும் அந்தச் சின்ன மென்பொருள் பிராண்டின் பக்கம் மூடப்பட்டால் கிடைப்பது கஷ்டம். அதில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால், மேசையில் சார்ஜரோடு உட்காரும் நாட்களில் போட்டு வையுங்கள்.

வாரண்டி முடிவதற்குள் ஒரு ஜோடி ஃபேன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சார்ஜரும் முடிந்தால். பேட்டரியை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள், பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். அப்புறம் லேப்டாப் வந்த பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூரியரில் அனுப்ப வேண்டிய நாள் ஒன்று வந்தால், திரை உடையாமல் போய்ச் சேர அவை இரண்டும் வேண்டும்.